ஹவார்: விசாரணைக்கு முன்பே முடிந்த வழக்கு

கத்தார் தீபகற்பத்தின் மேற்குக் கரையை ஒட்டிக் கிடக்கிறது ஹவார் தீவுக் கூட்டம். அதன் பெரும்பகுதி கத்தார் கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் அடங்கிவிடும். பஹ்ரைனின் முக்கியத் தீவிலிருந்து அங்கே போக ஏறத்தாழ பத்துக் கடல் மைல் கடக்க வேண்டும். குடிக்க ஊற்றுத் தண்ணீர் இல்லாத இடம். மீனும் ஜிப்சம் கல்லும் உண்டு. மழை பெய்தால் தொட்டிகளில் நீர் சேரும். இந்தத் தீவுகள் பஹ்ரைனுக்குச் சொந்தம் என்று 1939 ஜூலை 11 அன்று பிரிட்டிஷ் அரசு இரண்டு ஷேக்குகளுக்கும் கடிதம் எழுதியது. காரணம் எதுவும் சொல்லவில்லை. 62 ஆண்டுகள் கழித்து ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றம் அந்தக் கடிதத்தையே ஆதாரமாக வைத்து அதே முடிவைச் சொன்னது.

இந்த வழக்கைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் 1939இலிருந்து தொடங்குகிறார்கள். என் பார்வையில் வழக்கு அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 1936 கோடையில், லண்டனில் நடந்த ஒரு கூட்டத்தில் ஏறக்குறைய முடிந்துவிட்டது. பின்னால் வந்த மனு, பதில் மனு, மறுப்பு எல்லாம் அந்த முடிவின் மேல் கட்டிய சுவர்கள். முடிவே தவறு என்று அடித்துச் சொல்லிவிடவும் முடியவில்லை. அதனால்தான் இந்த வழக்கு சலிப்புத் தட்டாமல் இருக்கிறது.

முதலில் இரு குடும்பங்கள். பஹ்ரைனை ஆளும் அல் கலீஃபா குடும்பத்தினர் உதூப் என்ற குலக் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். 1760களில் கத்தாரின் வடமேற்குக் கரையில் சுபாரா என்னும் ஊரில் குடியேறி, முத்து வணிகத்தில் அதைச் செழிக்க வைத்தார்கள். 1783இல் அங்கிருந்து கடல் கடந்து பஹ்ரைனைப் பிடித்தார்கள். ஆகவே சுபாரா அவர்களுக்கு மூதாதையர் மண். கத்தாரில் அல் தானி குடும்பம் தலையெடுத்தது பிற்பாடுதான். 1867இல் பஹ்ரைன் படை அபுதாபியின் துணையோடு தோஹாவையும் வக்ராவையும் சூறையாடியது. அப்போது பாரசீகக் கரைத் துறைமுகமான புஷையரில் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த லூயிஸ் பெல்லி மறு ஆண்டு கப்பல்களோடு வந்து பஹ்ரைனைத் தண்டித்தார். முகம்மது பின் தானியோடு தனியாக ஒப்பந்தமும் செய்துகொண்டார். கத்தாரை ஒரு தனித் தரப்பாக ஆங்கிலேயர் நடத்தத் தொடங்கியது அங்கேதான். 1871இல் ஒட்டோமான் படை தோஹாவுக்கு வந்தது, 1915இல் போனது. 1916இல் ஷேக் அப்துல்லா பின் ஜாசிம் பிரிட்டிஷ் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்.

அந்த வளைகுடாவை நிர்வகித்தவர்கள் இந்தியாவிலிருந்து ஆண்ட ஆங்கிலேயர்கள் என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். புஷையர் ரெசிடென்சி 1873 வரை பம்பாய் அரசின் கீழும் பிறகு இந்திய அரசின் கீழும் இருந்தது. பஹ்ரைனின் பொலிடிகல் ஏஜெண்ட், அவருக்கு மேல் ரெசிடெண்ட் என்று வந்த அதிகாரிகளில் பெரும்பாலோர் நம் சமஸ்தானங்களில் மகாராஜாக்களைச் சமாளித்த அதே அரசியல் பணித்துறைக்காரர்கள். கடைத்தெருவில் புழங்கிய காசும் இந்திய ரூபாய். வாரிசுத் தகராறு, எல்லைத் தகராறு வந்தால் இருவரிடமும் மனு வாங்கிக் கோப்பு திறப்பது என்ற சமஸ்தானத்துப் பழக்கத்தையே அவர்கள் அந்தப் பாலைக் கரைக்கும் கொண்டுபோனார்கள். அந்தப் பழக்கத்தில் கோப்பை எழுதத் தெரிந்தவனுக்குக் கை ஓங்கும்.

ஹவாரைப் பற்றிய பழைய பதிவுகள் இரண்டு, விவாதம் முழுவதும் திரும்பத் திரும்ப வருபவை. ஒன்று லோரிமரின் வளைகுடாத் தகவல் களஞ்சியம். 1908இல் இந்திய அரசின் அதிகாரிகளுக்காக அச்சிட்டது. அதில் ஹவார் கத்தாரைப் பற்றிய பகுதியில் இடம்பெறுகிறது. ஆனால் அதே குறிப்பு, தீவில் பஹ்ரைனின் ஸல்லாக் ஊரைச் சேர்ந்த தவாசிர் குலத்தார் மழைநீர்த் தொட்டி கட்டியிருக்கிறார்கள், இரண்டு இடங்களில் வீடு வைத்திருக்கிறார்கள், குளிர்காலத்தில் வேட்டைக்கு வந்து தங்குகிறார்கள் என்றும் சொல்கிறது. இடம் கத்தார் பக்கம், ஆள் பஹ்ரைன் பக்கம். இரு தரப்பு வழக்கறிஞர்களும் பின்னாளில் இந்த ஒரே பத்தியைப் பங்கு போட்டுக்கொண்டதில் வியப்பில்லை.

இரண்டாவது, 1909 வசந்தத்தில் பஹ்ரைன் ஏஜெண்ட் பிரிடோ நேரில் போய்ப் பார்த்து எழுதியது. பெரிய குடிசைகள் 40 இருந்ததையும், தவாசிர் தலைவரின் உறவினர் ஒருவர் அங்கே அதிகாரம் செலுத்தியதையும் அவர் குறித்தார். முக்கியமான தகவல் அதற்குப் பின் வருகிறது. தவாசிர்கள் ஹவாரைத் தங்கள் சொந்த மண்ணாகவே கருதினார்கள்; நூறு ஆண்டுகளுக்கு முன் சுபாராவின் காஜி எழுதிக் கொடுத்த தீர்ப்பின்படி தீவு தங்களுடையது என்றார்கள். சுபாரா காஜி அல் கலீஃபாக்களின் ஆள், ஆகவே தீவைத் தர அதிகாரம் அவர்களிடம் இருந்தது என்பது பஹ்ரைனின் வாதம். கத்தார் மண்ணில் இருந்த காஜி கொடுத்த தீர்ப்பு பஹ்ரைன் இறையாண்மைக்கு எப்படிச் சான்றாகும் என்று எதிர்க்கேள்வியும் எழும். நம் ஊர் வழக்கில், பட்டா யார் பெயரிலும் இல்லை, அனுபோகம் மட்டும் ஒரு குலத்திடம். அந்தக் குலம் யாருடையது என்பதுதான் தகராறு.

அந்தக் குலமோ யாருக்கும் எளிதில் கட்டுப்படுவதாக இல்லை. 1923இல் பஹ்ரைன் நிர்வாகத்தோடு மோதிக்கொண்ட தவாசிர்கள் பெரும்பாலும் ஊரைக் காலி செய்துவிட்டு, இப்னு சவூதின் ஆட்சியில் இருந்த தம்மாமுக்குப் போய்க் குடியேறினார்கள். சில ஆண்டுகள் கழித்து ஒரு பகுதியினர் திரும்பி வந்தார்கள். பஹ்ரைனின் குடிகள் என்று சான்று காட்டப்பட்டவர்கள், அந்த ஆட்சி வேண்டாம் என்று படகேறிப் போன வரலாறு உள்ளவர்கள். பஹ்ரைன் தரப்பு மனுக்களில் இதற்கு அழுத்தம் இருக்காது என்பது இயல்புதான். தோஹாவிலிருந்து எழுதியவர்களும் இதை உரிய இடத்தில் எடுத்துப் பயன்படுத்தவில்லை.

இவ்வளவும் எண்ணெய் வரும்வரை பெரிய விஷயமாக யாருக்கும் தோன்றவில்லை. ஜப்பானிய வளர்ப்பு முத்து சந்தைக்கு வந்ததும் உலகப் பொருளாதார மந்தமும் சேர்ந்து வளைகுடாவின் முத்துக்குளிப்பை முறித்துப்போட்ட காலம். 1932இல் பஹ்ரைனில் அமெரிக்கர்களின் பாப்கோ நிறுவனம் எண்ணெய் கண்டது. 1935 மே 17 அன்று கத்தார் ஷேக் ஆங்கிலோ-பெர்சியன் நிறுவனத்துக்குத் தன் நிலத்தில் எண்ணெய் தேடும் உரிமை கொடுத்தார். கையெழுத்திட்டதும் 4 லட்சம் ரூபாய், பிறகு டன்னுக்கு 3 ரூபாய் உரிமைத் தொகை. முத்து போன ஆட்சியாளருக்கு அது சிறிய தொகை இல்லை. அடுத்ததாகப் பஹ்ரைனில் பாப்கோவுக்குத் தராமல் மிச்சமிருந்த பரப்புக்குப் போட்டி தொடங்கியது. பஹ்ரைனின் எல்லைக்குள் எவையெல்லாம் அடங்கும் என்ற கேள்வி அப்போதுதான் காசு பெறும் கேள்வியாயிற்று.

1933 ஜூலை இறுதியில் வளைகுடாவிலிருந்து லண்டனுக்குப் போன அதிகாரத் தந்தி ஒன்று, ஹவார் பஹ்ரைன் தீவுக் கூட்டத்தைச் சேர்ந்ததல்ல என்பது தெளிவு என்று கூறியிருந்தது. மூன்றே ஆண்டுகளில் அந்தத் தெளிவு காணாமல் போனது. 1936 ஏப்ரல் 28 அன்று பஹ்ரைன் அரசின் ஆலோசகர் சார்லஸ் பெல்கிரேவ் ஏஜெண்டுக்கு ஒரு கடிதம் எழுதினார்: ஹவார் பஹ்ரைனுக்கே உரியது.

பெல்கிரேவ் பற்றி ஒரு வார்த்தை. 1925இல் லண்டன் டைம்ஸ் பத்திரிகையில், கீழை நாடு ஒன்றில் பணிபுரிய இளைஞர் தேவை என்று வந்த விளம்பரத்தைப் பார்த்து விண்ணப்பித்து 1926இல் பஹ்ரைன் வந்தவர். சம்பளம் ஷேக்குடையது, பேச்சும் எழுத்தும் ஏஜென்சி அதிகாரிகளுடையது. எந்தச் சான்று எடுபடும், எதை முதல் பத்தியில் வைக்க வேண்டும், எதை இணைப்பில் தள்ளலாம் என்பது அவருக்கு அத்துப்படி. எதிரே கத்தார் ஷேக் அப்துல்லாவிடம் அப்படி ஒருவர் கிடையாது. அவரது அரபுக் கடிதங்கள் ஏஜென்சியில் ஆங்கிலமாகித்தான் கோப்பில் ஏறின. இரு ஆட்சியாளர்களின் தகராறு என்று சொல்கிறோம். மேசையின் இரு பக்கமும் சமமாக இல்லை.

பெல்கிரேவின் கடிதத்தை ஏஜெண்ட் லாக் மே 6 அன்று மேலே அனுப்பினார். பஹ்ரைனின் கோரிக்கையில் சாரம் இருக்கிறது என்றார். கூடவே, முடிந்தவரை அதிகப் பரப்பு பஹ்ரைனுக்குள் இருப்பது சில சூழ்நிலைகளில் நமக்கு அரசியல்ரீதியாகத் தோதுப்படலாம் என்றும் எழுதினார். மத்தியஸ்தம் செய்யப்போகிற அலுவலகம் தன் தோதைத் தானே எழுத்தில் பதிந்துவைத்தது. ரெசிடெண்ட் ஃபவுலும் அதை ஒட்டியே பரிந்துரைத்தார். ஜூலை 9 அன்று லண்டனில் இந்தியா அலுவலகத்தில் கூட்டம். கையிலுள்ள சான்றுகளின்படி ஹவார் பஹ்ரைன் ஷேக்குக்குரியதாகவே தோன்றுகிறது, மறுப்பவர்தான் மறுப்பை நிரூபிக்க வேண்டும் என்று முடிவாயிற்று. முடிவு பஹ்ரைனுக்குப் போனது. பெட்ரோலியம் கன்செஷன்ஸ் என்ற எண்ணெய் நிறுவனத்துக்கும் போனது. ஆங்கிலோ-பெர்சியன் பெற்ற கத்தார் எண்ணெய் உரிமையைக் கையில் வைத்திருந்த குழுமமும் அதுவே. மறுப்பை நிரூபிக்க வேண்டிய கத்தார் ஷேக்குக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

இது தற்காலிக முடிவுதான் என்று பிற்பாடு வாதிட்டார்கள். ஏட்டில் அப்படித்தான். நடைமுறையில் அது பஹ்ரைனுக்குக் கிடைத்த பச்சைக்கொடி. தீவில் காவல் முகாம் அமைந்தது, படைவீரர்கள் வந்தார்கள், கட்டுமானம் நடந்தது. அதிகாரம் செலுத்தியதற்கான சான்றுகள் அப்படி மளமளவென்று உருவாயின. சான்று கேட்கப்போகிற அரசின் கண் எதிரேயே அவை உருவானதுதான் என்னை உறுத்துகிறது.

இதே வேளையில் சுபாராவில் நேர்மாறான கதை நடந்துகொண்டிருந்தது. அங்கே மேய்ச்சலுக்கு வந்துபோன நயீம் குலத்தின் ஒரு பிரிவு அல் கலீஃபாக்களுக்கு விசுவாசமானது. கத்தார் ஷேக் அவர்களிடம் வரி கேட்டார். பஹ்ரைன் ஷேக் ஹமத் எதிர்த்தார். பேச்சு முறிந்து, 1937 ஜூலை முதல் வாரத்தில் கத்தார் படை தாக்க, நயீம் பணிந்தது. சுபாரா மீதான பஹ்ரைனின் கோரிக்கை சட்டப்படி நிற்காது என்று ஃபவுல் மே மாதமே எழுதிவிட்டிருந்தார். பிரிட்டிஷ் கப்பல் எதுவும் குறுக்கே வரவில்லை. கோபமுற்ற பஹ்ரைன் கத்தாரோடு வணிகத்தையும் போக்குவரத்தையும் நிறுத்தியது. மறு ஆண்டு கத்தார் ஷேக் சுபாராவில் கோட்டை கட்டினார். இன்று யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னத்தைப் பார்க்கப் போகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது அந்தக் கோட்டைதான். பதினெட்டாம் நூற்றாண்டுச் சின்னம் என்று எண்ணிப் படமெடுப்பவர்கள் உண்டு.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஆங்கிலேயர் ஒரே அளவுகோலைத்தான் பிடித்தார்கள் என்று வாதாடலாம். மூதாதையர் மண் என்ற உணர்வு சுபாராவில் செல்லவில்லை. கரைக்கு அருகில் என்ற புவியியல் ஹவாரில் செல்லவில்லை. இரு இடத்திலும் கேட்டது ஒன்றே: இப்போது யார் கை நிற்கிறது? அளவுகோல் நியாயமானதே. கையை நிறுத்திக்கொள்ள ஒருவருக்கு முன்கூட்டியே அனுமதி கொடுத்துவிட்டு அதே அளவுகோலைப் பிடிப்பதில்தான் கோணல்.

அப்துல்லா பின் ஜாசிம் 1938 பிப்ரவரியில் தோஹாவில் புதிய ஏஜெண்ட் ஹியூ வெய்ட்மனிடம் வாய்மொழியாக முறையிட்டார். மே 10 அன்று எழுத்தில் எதிர்ப்புத் தெரிவித்தார். மே 20 அன்று வெய்ட்மன் அனுப்பிய பதிலை நிதானமாகப் படிக்க வேண்டும். பஹ்ரைன் சில காலமாகத் தீவுகளைக் கைவசம் வைத்திருப்பதால் அதற்கு முதல்நோக்கிலேயே ஓர் உரிமை இருக்கிறது என்கிறார். உங்கள் கோரிக்கையைச் சான்றுகளோடு விரைவாகத் தாருங்கள், உண்மையும் நீதியும் பார்த்து அரசு முடிவு செய்யும் என்கிறார். சொந்தத் தற்காலிக முடிவு 1936இலேயே வந்துவிட்டதைச் சொல்லவில்லை. ஒரு வாரத்தில், மே 27 அன்று, கத்தார் ஷேக் கோரிக்கையை அனுப்பிவிட்டார். அருகில் இருக்கிறது, என் நிலத்தின் தொடர்ச்சி, எனக்கே சொந்தம் என்பதற்கு மேல் அதில் அதிகமில்லை. தன் கரைக்கு எதிரே கண்ணுக்குத் தெரிகிற தீவுக்கு எதற்குச் சான்று என்று அவர் நினைத்திருக்கக் கூடும்.

பெல்கிரேவின் எதிர்மனு 1939 ஜனவரி தொடக்கத்தில் வந்தது. பஹ்ரைன் நீதிமன்றங்கள் ஹவார்க்காரர்களின் வழக்குகளில் கொடுத்த தீர்ப்புகள், மீன்பிடி, ஜிப்சம் வெட்டு, தீவாசிகளின் வாக்குமூலங்கள் என்று கட்டுக்கட்டாக. கத்தார் தரப்பு மார்ச் 30 அன்று மறுப்புக் கொடுத்தது. ஏப்ரல் 22 அன்று வெய்ட்மன் அறிக்கை எழுதினார். கத்தாரிடம் நிரூபிக்கப்படாத வெறும் கூற்றும் நில அண்மையும் அடையாளம் தெரியாத சிலர் சொன்னதாகச் சொல்லப்படுவதும் தவிர வேறில்லை என்பது அதன் சுருக்கம். எதிரில் கிடந்த தாள்களை மட்டும் எடைபோட்டால் அவர் சொன்னதில் பிழை காண்பது கடினம். ஜூலை 11 கடிதங்கள் வந்தன. ஏழு வாரம் கழித்து உலகப் போர் தொடங்கியது. ஹவாரைப் பற்றி யோசிக்க லண்டனில் யாருக்கும் நேரமில்லை.

கத்தார் ஷேக் ஆகஸ்டிலும் நவம்பரிலும் ஆட்சேபித்தார், காரணம் கேட்டார். முடிவு இறுதியானது என்பதே பதில். ஃபவுலுக்குப் பின் ரெசிடெண்டான ஜெஃப்ரி பிரையர், 1941இல், இந்த முடிவு சரியில்லை என்ற தன் கருத்தை மேலிடத்துக்கு எழுதினார். வளைகுடாவை நன்கறிந்த மனிதர். அந்தக் கடிதமும் கோப்பில் போய்ச் சேர்ந்தது, முடிவை யாரும் தொடவில்லை. 1947 டிசம்பர் 23 அன்று கடல்படுகையை இரு தரப்புக்கும் பிரித்து ஒரு கோடு போட்டபோதும் ஹவார் பஹ்ரைனோடுதான்.

ஆங்கிலேயர் போன பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1971இல் இரண்டும் சுதந்திர நாடுகள். சவூதி அரேபியா சமரசத்துக்கு முன்வந்தது. 1986 ஏப்ரலில் ஃபஷ்த் அத்-திபல் என்ற மணல்திட்டில் பஹ்ரைன் கட்டுமானம் தொடங்க, கத்தார் படை இறங்கித் தொழிலாளர்களைப் பிடித்துச் சென்றது. சவூதி தலையிட்டுத் தணித்தது. 1991 ஜூலை 8 அன்று கத்தார் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. வழக்கு அங்கே பத்தாண்டு ஓடியது. நடுவில் ஓர் அவமானம்: கத்தார் தாக்கல் செய்த ஆவணங்களில் 82 போலி என்று 1997இல் பஹ்ரைன் புகார் சொன்னது. நிபுணர்கள் பார்த்த பிறகு, அவற்றைச் சார்ந்து வாதிடப் போவதில்லை என்று கத்தார் ஒதுங்கிக்கொண்டது. அறுபது ஆண்டுகளுக்கு முன் தாள் இல்லாததால் தோற்ற தரப்பு இம்முறை மிதமிஞ்சிய தாள்களோடு வந்து மானம் இழந்தது.

தீர்ப்பு 2001 மார்ச் 16. ஹவார் பஹ்ரைனுக்கு, 12க்கு 5 என்ற கணக்கில். சுபாரா கத்தாருக்கு, ஒருமனதாக. ஃபஷ்த் அத்-திபலும் கத்தாருக்கு. கித்அத் ஜராதா என்ற குட்டித் திட்டு பஹ்ரைனுக்கு. சட்டக்காரர்கள் இன்றும் விவாதிப்பது ஹவாருக்குச் சொன்ன காரணத்தை. 1939 முடிவு நடுவர் தீர்ப்பு ஆகாது என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. நடுவர்கள் யாரும் உட்காரவில்லை, முறையான விசாரணை நடக்கவில்லை. ஆனாலும் 1938 மே 27 கடிதத்தின் மூலம் கத்தார் இதைப் பிரிட்டன் முடிவு செய்யச் சம்மதித்துவிட்டது. ஆகவே முடிவு கட்டுப்படுத்தும். காரணம் சொல்லாதது குறையாகாது, ஏனெனில் காரணம் சொல்ல வேண்டும் என்று யாரும் பிரிட்டனிடம் நிபந்தனை வைக்கவில்லை. தவாசிர்களையும் காஜியையும் கரையின் தூரத்தையும் பற்றி முடிவு சொல்ல வேண்டிய அவசியமே நீதிபதிகளுக்கு வரவில்லை.

நீதிபதிகள் பெத்ஜாவி, ரஞ்சேவா, கொரோமா மூவரும் சேர்ந்து நீண்ட மாறுபட்ட தீர்ப்பு எழுதினார்கள். அதிகாரிகள் முன்கூட்டியே முடிவெடுத்திருந்தார்கள், பாதுகாவலில் இருந்த சிற்றரசர் பாதுகாப்பவரிடம் கொடுத்த சம்மதத்தை எப்படி சுதந்திரச் சம்மதமாகக் கொள்வது என்பது அவர்கள் வாதம். பெரும்பான்மையோடு வாக்களித்தவர்களில் சிலரும் இந்த வழியை விரும்பாமல் தனிக் கருத்து எழுதினார்கள். அவர்களோடுதான் எனக்கு உடன்பாடு. தவாசிர்களின் நடமாட்டத்தையும் பஹ்ரைன் நீதிமன்றப் பதிவுகளையும் நேராக எடைபோட்டிருந்தாலும் தராசு பஹ்ரைன் பக்கமே சாய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்படிச் சொல்லியிருந்தால் 1936 ஜூலைக் கூட்டத்தின் கறை தீர்ப்பில் ஒட்டியிருக்காது. பழைய அரசின் கடிதத்தைப் பிடித்துக்கொண்டதால் அதன் குறையையும் நீதிமன்றம் சுமக்க வேண்டியதாயிற்று.

கடிதமே எல்லாவற்றையும் தீர்மானித்தது என்பதற்கு ஹவாரின் தென்முனைக்குக் கீழே இருக்கும் ஜனான் தீவு இன்னொரு சான்று. ஹவார் தீவுக் கூட்டத்தில் ஜனான் சேருமா என்று 1939 கடிதம் சொல்லவில்லை. 1947 டிசம்பர் 23 அன்று ஏஜெண்ட் இரு ஷேக்குகளுக்கும் எழுதிய கடிதத்தில், ஜனான் அந்தக் கூட்டத்தில் அடங்கியதாகக் கருதப்படாது என்று ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரியின்படி, 13க்கு 4 என்ற வாக்கில், ஜனான் கத்தாருக்குப் போயிற்று.